வாட்டுக்குப் போகும் முன்: பாவனை நோயாளியோடு அரைநாள் பயிற்சி

பாரிசவாதத்தால் ஒரு பக்கம் வழங்காமல் போனவரைக் கட்டிலில் இருந்து எழுப்பச் சொன்னால், முதல்நாள் மாணவர் எட்டிப் பிடிப்பது பெரும்பாலும் அந்த வழங்காத கையைத்தான். தசை தளர்ந்த தோளில் எலும்பைப் பொருத்தில் தாங்கிக்கொள்ளப் பலம் இல்லை. இழுத்தால் மூட்டு விலகும். வலி மாதக்கணக்கில் நிற்கும். இந்தப் பிழையை ஒருமுறை செய்துதான் படிக்க வேண்டுமென்றால், அதை நோயாளியின் தோளில் செய்யக்கூடாது. பாவனை நோயாளி, அதாவது நோயாளியாக நடிக்கப் பழக்கப்பட்ட சுகதேகி ஒருவர் அதற்கு வேண்டும். ஹாவர்ட் பரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1963இல் லொஸ் ஏஞ்சலிஸில் மருத்துவ மாணவர்களுக்காகத் தொடங்கிய முறை இது. தொழில்வழிச் சிகிச்சை (உடுப்பது, உண்பது போன்ற அன்றாட வேலைகளை நோயாளி மறுபடி செய்யப் பழக்குவது) படிக்கும் மாணவர்களுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் நமது வேலையே ஆளோடு கதைத்து, ஆளைத் தொட்டுச் செய்கிற வேலை.

கீழே உள்ளது 6 மாணவர் (மூன்று சோடி), 2 பாவனை நோயாளிகள், ஓர் ஆசிரியர் என்ற கணக்கு.

1. ஆளை எழுதுங்கள்

ஒரு ஏ4 பக்கம் போதும். நோயின் பெயர் அதில் ஒரு வரி, மிச்சமெல்லாம் ஆள். உதாரணத்துக்கு: 58 வயது, மட்டக்களப்பின் படுவான்கரையில் வயல் செய்பவர், பாரிசவாதம் வந்து மூன்று கிழமை, வலக்கை அறவே வழங்காது, வலக்கால் அரைகுறை. வீட்டில் கிணற்றடிக் குளிப்பு, குந்தியிருக்கும் மலசலகூடம், மனைவிக்கு முழங்கால் வருத்தம். பெரும்போக விதைப்புக்கு முன் வயலுக்கு இறங்க வேண்டும் என்பது அவர் கவலை.

வலப்பக்கம் வழங்காமல் போனவர்களில் பலருக்குப் பேச்சும் பாதிக்கும். முதல் அமர்வில் அதைச் சேர்க்க வேண்டாம், மாணவர் திணறிவிடுவார்.

பக்கத்தின் அடியில் இரண்டு பட்டியல்: கேட்காமலே சொல்வது, கேட்டால் மட்டும் சொல்வது. மலசலகூடத்தில் ஒருமுறை விழுந்ததை இரண்டாவதில் போடுங்கள். ‘வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீங்க ஐயா?’ என்று பொதுவாகக் கேட்பவருக்கு அது வெளிவரக்கூடாது.

2. யாரை எடுப்பது

இளைப்பாறிய ஆசிரியர், தாதியர், ஊர்ச் சங்கங்களில் இருப்பவர்கள் நல்ல தெரிவு. மட்டக்களப்பில் கூத்து ஆடியவர்களைத் தேடத் தோன்றும். எடுக்கலாம், ஆனால் களரியில் கடைசி வரிசைக்கும் எட்டவேண்டும் என்று பழகிய உடம்பு அது. வலி என்றால் முகம் முழுக்க வலிப்பார்கள். இங்கே வேண்டியது மூன்று சோடிக்கும் ஒரே அளவில் காட்டுகிற நிதானம். தோள், முதுகு வருத்தம் உள்ளவர்களை விட்டுவிடுங்கள்.

3. உடம்பைப் பழக்குதல்

90 நிமிடப்படி இரண்டு நாள். வசனம் இலகுவில் வந்துவிடும், உடம்புதான் காட்டிக்கொடுக்கும்.

எழும்பும்போது நல்ல காலோடு சேர்ந்து ‘வழங்காத’ காலும் தன்னையறியாமல் ஊன்றும். மாணவர் பிழையாகத் தூக்கினாலும் ஆள் எழும்பிவிடுவார். மாணவரும் தன் பிடி சரி என்று நினைத்துக்கொள்வார். அதனால் வலப்பாதத்தை ஒரு சாண் முன்னால் வைத்து இருக்கப் பழக்குங்கள். அங்கிருந்து அது பாரம் வாங்காது. சேட்டைப் போடும்போது முழங்கை தானாக நீண்டு உதவுவதும் இதே வகை. எந்தப் பக்கம் என்று மறக்காமலிருக்க வலது மணிக்கட்டில் ஒரு நூல் கட்டிவிடலாம்.

4. அறையும் சாமானும்

கட்டில், பிரேக் பிடிக்கும் சக்கர நாற்காலி, ஓரளவு பெரிய பொத்தான் சேட்டு, சாரம், கரண்டி, சோறும் பருப்பும் போட்ட கோப்பை. உள்ளே பெனியன் இருக்கட்டும். ஆடை களைவது அதோடு நிற்க வேண்டும்.

5. நடத்துதல்

மாணவர் சோடியாக வரட்டும்: ஒருவர் செய்ய, மற்றவர் பார்த்துக் குறிப்பெடுக்க. விளக்கம் 5 நிமிடம், செயல் 20, பின்கலந்துரையாடல் 30. மூன்று சோடியும் இடைவேளையும் சேர்த்து மூன்று மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே போகும். மூன்றாவது சோடிக்கு இரண்டாவது நடிகர் வரட்டும். கையைத் தொங்கவிட்டபடி இருப்பதும் தோளை வருத்தும்.

உண்மையிலேயே நோகிறது, நிறுத்து என்பதற்கு ஒரு சொல் வேண்டும். ‘போதும்’ சரிவராது, நோயாளியே ‘போதும் புள்ள’ என்று சொல்லக்கூடும். ‘வாவி’ என்று வையுங்கள்.

ஆசிரியர் பார்க்க வேண்டியவை: சேட்டில் வழங்காத கை முதலில் நுழைகிறதா (கழற்றும்போது நல்ல கை முதலில்), சக்கர நாற்காலி நல்ல பக்கத்தில் சாய்வாக நின்று, பிரேக் பூட்டி, கால்தட்டு மடக்கியிருக்கிறதா, எழுப்பும்போது மாணவரின் முழங்கால் நோயாளியின் தளர்ந்த முழங்காலுக்கு முண்டு கொடுக்கிறதா.

சாப்பாட்டில்தான் பலரும் சறுக்குவார்கள். கரண்டியை இடக்கையில் திணித்து, ‘இனி இதால சாப்பிடுங்க ஐயா’ என்பார் மாணவர். நடிகர் மறுப்புச் சொல்லாமல் முகத்தைத் திருப்பி, ‘பசிக்கல்ல மகள்’ என்று மட்டும் சொல்ல வேண்டும். பீச்சாங்கையால் பிறர் பார்க்கச் சாப்பிடுவதா என்ற கூச்சம் அது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மாணவர் அதைக் கேட்கிறாரா, அல்லது ‘பசியின்மை’ என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகிறாரா?

6. பின்கலந்துரையாடல்

செய்த மாணவர் முதலில், பார்த்தவர் அடுத்து, பிறகு நடிகர், கடைசியில் ஆசிரியர். ஆசிரியர் முந்திக்கொண்டால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி. நடிகர் நுட்பம் பற்றிப் பேச வேண்டாம். ‘நீங்க காலைப் பிடிக்கும்போது சொல்லாமப் பிடிச்சீங்க, எனக்குத் திடுக்கெண்டது’ என்ற அளவில் சொன்னால் போதும்.

கடைசிச் சோடியும் போனபின் நடிகர்கள் நூலை அறுத்து, தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லி, வலக்கையால் தேநீர் வாங்கட்டும்.

உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சம்மேளனம் கேட்கும் குறைந்தது 1000 மணித்தியாலக் களப்பயிற்சிக்கு இந்த அரைநாள் ஈடாகாது. அதற்குள் காலெடுத்து வைக்கும் முன் செய்வது இது. அடுத்த சுற்றில் உடம்பை அப்படியே விட்டு ஆளை மாற்றுங்கள்: அதே வலக்கை, ஆனால் காத்தான்குடியில் ஒரு தாய், ஒரு கையால் வுழூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) எடுப்பது எப்படி என்பது அவர் கேள்வி. நடிப்பவரும் பெண்ணாக இருக்க வேண்டும். தொட்டுச் செய்யும் பகுதி மாணவிகளுக்கு மட்டும்.