ஜேம்ஸ் பாண்ட் படங்களை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

1962 முதல் 2021 வரை ஈயான் நிறுவனம் 25 ஜேம்ஸ் பாண்ட் படங்களைத் தயாரித்திருக்கிறது. ஆறு நடிகர்கள் அந்த ஒரே உளவாளியாக நடித்திருக்கிறார்கள். வெளிவந்த வரிசையிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்றுதான் நானும் தொடங்கினேன். ஐந்தாறு படங்களுக்குள் எந்தத் தீவு எந்த வில்லனுடையது என்பதே குழம்பிவிட்டது. அதன் பிறகு, நடிகர் மாறும் இடங்களை மட்டும் பிடித்துக்கொண்டு பார்த்தபோதுதான் இந்தப் படவரிசை எனக்குப் பிடிபட்டது. புதியவர்களுக்கும் அந்த வழியையே சொல்கிறேன்.

முதல் படி: இரண்டு படங்களை ஒதுக்கி வையுங்கள்

1967இல் வந்த 'கேசினோ ராயல்' ஒரு கேலிப்படம். 1983இல் ஷான் கானரி மீண்டும் பாண்டாக நடித்த 'நெவர் சே நெவர் அகெய்ன்' வேறு தயாரிப்பாளர்கள் எடுத்தது. இரண்டும் இந்த 25இல் சேராதவை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: 'டாக்டர் நோ', சீட்டாட்டக் காட்சி

1962இல் வந்த இந்த முதல் படத்தில், லண்டன் சூதாட்ட விடுதி ஒன்றில் பாண்ட் அறிமுகமாகும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முதலில் கானரியின் முகம் காட்டப்படுவதில்லை. சீட்டுகளை எடுக்கும் கைகளும் முதுகும் மட்டுமே தெரிகின்றன. எதிரே சிவப்பு உடையில் தோற்றுக்கொண்டிருக்கும் பெண்ணிடம் அவர் பெயரைக் கேட்க, அவள் 'டிரெஞ்ச், சில்வியா டிரெஞ்ச்' என்று குடும்பப் பெயரை முன்னால் வைத்துச் சொல்கிறாள். அவள் திருப்பிக் கேட்கும்போது, சிகரெட்டைப் பற்றவைத்தபடி அதே அமைப்பில் அவர் சொல்லும் பதில்தான் 'பாண்ட், ஜேம்ஸ் பாண்ட்'. உலகமே அறிந்த அந்த வசனம், எதிரே இருப்பவரின் பேச்சை எடுத்து அவருக்கே திருப்பிக் கொடுத்த பதிலாகப் பிறந்தது. அடுத்து வரும் ஒவ்வொரு நடிகரும் இதை எப்போது, எந்தக் குரலில் சொல்கிறார் என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

மூன்றாம் படி: மாறாதவர்களைக் கவனியுங்கள்

நாயகன் மாறினாலும் பார்வையாளருக்கு அந்நியமாகத் தோன்றாததற்குக் காரணம், அவரைச் சுற்றியிருந்தவர்கள் மாறாமல் இருந்ததுதான் என்பது என் கருத்து. செயலாளர் மனிபென்னியாக லோயிஸ் மாக்ஸ்வெல் 1962 முதல் 1985 வரை 14 படங்களில் வந்தார். கருவிகளைத் தரும் 'க்யூ'வாக டெஸ்மண்ட் லுவெலின் 1963 முதல் 1999 வரை 17 படங்களில் வந்தார். ஐந்து பாண்டுகளைக் கடிந்துகொண்டவர் அவர். நடிகர் மாறிய படத்தில், புதிய முகத்தை இவர்கள் பழைய ஆளைப் போலவே நடத்துவதைப் பாருங்கள்.

நான்காம் படி: 1969, இதை மட்டும் தவிர்க்காதீர்கள்

முடிவை அறியாமல் படம் பார்க்க விரும்புகிறவர்கள் இந்தப் பகுதியையும் அடுத்ததையும் தாண்டிச் செல்லலாம்.

கானரி விலகிய பின், விளம்பர மாடலாக இருந்த ஆஸ்திரேலியர் ஜார்ஜ் லேசன்பி 'ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' என்ற ஒரே படத்தில் பாண்டாக நடித்தார். ஒரே படத்தோடு போனவர் என்று அவரைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது சரியல்ல, இந்த வரிசையின் நெஞ்சம் இந்தப் படத்தில்தான் இருக்கிறது. வேலையை விட்டுவிட முடிவெடுத்த பாண்ட் தன் மேசை இழுப்பறையைக் காலி செய்யும் காட்சியில், முதல் படத்தில் கதாநாயகி இடுப்பில் செருகியிருந்த கத்தியும், இரண்டாம் படத்தில் கொலையாளி அணிந்திருந்த கைக்கடிகாரமும் வெளியே வருகின்றன. பின்னணியில் அந்தந்தப் படத்தின் இசை ஒலிக்கிறது. முகம் வேறு, நினைவுகள் அதே மனிதனுடையவை என்று படம் இப்படித்தான் உறுதி சொல்கிறது. கடைசியில் அவர் தன் காதலி டிரேசியை மணக்கிறார். திருமணம் முடிந்து காரில் புறப்பட்ட சற்று நேரத்தில் அவள் சுட்டுக் கொல்லப்படுகிறாள்.

ஐந்தாம் படி: டிரேசியைப் பின்தொடருங்கள்

அடுத்து ரோஜர் மூர் நடித்த 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' (1981) படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். வேறு முகத்தோடு வந்த பாண்ட், ஒரு கல்லறையில் மலர்களை வைக்கிறார்; கல்லில் டிரேசியின் முழுப்பெயரான தெரேசாவும் 1969 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. அதன் கீழே, 'நமக்கு உலகத்து நேரமெல்லாம் இருக்கிறது' என்று பொருள்படும் வரி. பிறகு 'லைசன்ஸ் டு கில்' (1989). அதில் திமோத்தி டால்டனிடம் நண்பரின் மணப்பெண், அடுத்த கல்யாணம் உங்களுக்குத்தான் என்று விளையாட்டாகச் சொல்ல, அவர் முகம் வாடி விலகிப் போகிறார். அவருக்கும் ஒருமுறை திருமணம் ஆனது, நெடுநாளுக்கு முன்பு என்று நண்பர் விளக்குகிறார். மூன்று நடிகர்கள் ஒரே துயரத்தைச் சுமக்கிறார்கள்.

மூர் நடித்த ஏழு படங்களில் நம்மவர்களுக்கென்று ஒன்று சொல்ல வேண்டுமானால், அது 'ஆக்டோபஸி' (1983). உதய்பூர் படித்துறையில் பாம்பாட்டி வேடத்தில் அமர்ந்து, மகுடியில் பாண்டின் இசையையே வாசித்து அடையாளம் காட்டுபவர் சென்னையின் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ்.

ஆறாம் படி: 'கோல்டன் ஐ'

பியர்ஸ் பிராஸ்னன் 1986இலேயே தேர்வானவர். தொலைக்காட்சித் தொடர் ஒப்பந்தம் குறுக்கிட்டதால் அப்போது வாய்ப்பு டால்டனுக்குப் போனது. 1989க்குப் பிறகு சட்டச் சிக்கல்களால் ஆறாண்டுகள் படமே வரவில்லை. 1995இல் வந்த இந்தப் படத்தில், புதிய மேலதிகாரி 'எம்' ஆக ஜூடி டென்ச் பாண்டைப் பனிப்போரின் எச்சம் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். அந்த ஒரு காட்சிக்காகவே பார்க்கலாம்.

ஏழாம் படி: கடைசி ஐந்தும் வரிசை மாறாமல்

டேனியல் கிரெய்க் நடித்த 2006, 2008, 2012, 2015, 2021 படங்கள் ஒரே தொடர்கதை. இவற்றை மட்டும் முன்பின்னாகப் பார்க்கக் கூடாது. 2006இன் 'கேசினோ ராயல்' பாண்டின் கதையை மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. நீங்கள் குறித்து வந்த பெயர் வசனம் இதில் படத்தின் கடைசி வசனமாகத்தான் வருகிறது. அது வரை அவர் அந்தப் பெயருக்குரியவராக ஆகிக்கொண்டிருக்கிறார்.

2021இன் 'நோ டைம் டு டை' படத்தில், இத்தாலியின் மலைச்சாலையில் காரை ஓட்டும் கிரெய்க்கிடம், இன்னும் வேகமாகப் போகலாமா என்று காதலி மேடலின் கேட்கிறாள். வேகம் எதற்கு, நமக்கு உலகத்து நேரமெல்லாம் இருக்கிறதே என்கிறார் அவர். நீங்கள் அந்தக் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள்.