குட்டி துலிப்: நட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

துலிப் என்றதும் நீளத் தண்டில் ஒற்றைக் கிண்ணம் போல நிற்கும் பெரிய பூதான் நினைவுக்கு வரும். அழகுதான், ஆனால் அதில் பல ரகங்கள் முதல் வருடம் அமர்க்களமாகப் பூத்துவிட்டு அடுத்த வருடம் வெறும் இலையோடு நின்றுவிடும். நான் சொல்வது அவற்றின் காட்டுச் சொந்தங்களை: டார்டா, ஹ்யூமிலிஸ், லினிஃபோலியா, க்ளூசியானா. பல ஒரு சாண் உயரம்கூட வராது. இடம் பிடித்துவிட்டால் வருடா வருடம் தானாக வரும்.

மத்திய ஆசியா, ஈரான் பக்கத்துக் கல் மலைச்சரிவுகள்தான் இவற்றுக்குப் பெரும்பாலும் பிறந்த வீடு. அங்கே குளிர்காலத்தில் பனி, கோடையில் சொட்டு நீர் இல்லாத வெயில். அந்த வறட்சியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். நானும் ஒரு கோடையில் பாவம் பார்த்துத் தினமும் தண்ணீர் ஊற்றினேன், அப்புறம் தோண்டினால் கோலிக்குண்டு அளவு கிழங்கெல்லாம் கொழகொழவென்று கையில் ஒட்டியது.

அதனால் நல்ல வெயில் விழும், நீர் தேங்காத மேடான இடமாகப் பாருங்கள். களிமண் என்றால் பெருமணலும் பொடிக்கல்லும் தாராளமாகக் கலக்க வேண்டும், இல்லையென்றால் பேசாமல் தொட்டிதான். குளிர் தொடங்கும் முன், இலையுதிர் காலக் கடைசியில், கூர் முனை மேலே பார்க்க 10 செ.மீ. ஆழத்தில், 7 அல்லது 8 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். அணில் தோண்டும் இடமென்றால் மேலே கம்பி வலை. குளிர்காலம் சரியாக வராத ஊரில் 12 வாரமாவது ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து நட வேண்டும், பழங்கள் இருக்கும் தட்டில் மட்டும் வேண்டாம், அவற்றிலிருந்து வரும் எத்திலீன் வாயு கிழங்குக்கு உள்ளே இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். மிதமான குளிரே போதும் என்பதால் அப்படிப்பட்ட ஊருக்கு க்ளூசியானா தோது.

டார்டா மேகமூட்டமான நாளில் பச்சை பூசிய மொட்டாகச் சுருண்டு கிடக்கும், செத்துவிட்டதோ என்றுகூடத் தோன்றும். வெயில் பட்டதும் நட்சத்திரமாய் மல்லாந்து விரியும், நடுவில் மஞ்சள், நுனியில் வெள்ளை.

பூ உதிர்ந்ததும் இலையை வெட்டாதீர்கள், அது தானாக மஞ்சளாகிக் காயட்டும், அடுத்த வருடப் பூவுக்கான சாப்பாடு அதில்தான் தயாராகிறது. டார்டாவில் விதைக்காயையும் விட்டுவைக்கலாம். விதையில் வரும் செடி பூக்க 4, 5 வருடம் ஆகும், முதல் வருடம் ஒரே ஒரு மெல்லிய இலைதான் எட்டிப் பார்க்கும். புல் என்று பிடுங்கிவிடாதீர்கள்.