க்ளெப் ஹியுமானிடீஸ் தேர்வு: ஆறு வாரத்தில் தயாராவது எப்படி?

அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் பட்டம் பெறப் பெரும்பாலும் 120 கிரெடிட் (பாடங்களை முடித்தால் கிடைக்கும் மதிப்பலகு) வேண்டும். கம்ப்யூட்டர் படிப்பவரும் நர்சிங் படிப்பவரும்கூட அதில் ஒரு பங்கை இலக்கியம், கலை போன்ற பாடங்களில்தான் எடுக்க வேண்டும். ஒரு செமஸ்டர் முழுக்க வகுப்பில் உட்காராமல் அதில் 3 கிரெடிட்டை முடிக்க ஒரு வழி, காலேஜ் போர்டு என்ற அமெரிக்கத் தேர்வு அமைப்பு நடத்தும் க்ளெப் (CLEP) ஹியுமானிடீஸ் தேர்வு. 90 நிமிடம், ஏறத்தாழ 140 கேள்விகள், எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. கட்டுரை எழுத வேண்டியதில்லை.

இந்தத் தேர்வின் பரப்பு பெரிது, ஆழம் குறைவு. கிரேக்க நாடகத்தில் தொடங்கி இந்த நூற்றாண்டுவரை கேட்பார்கள். ஆனால் ஒவ்வொன்றிலும் யார், எது, எந்தக் காலம், என்ன பாணி என்பதற்கு மேல் அதிகம் கேட்பதில்லை. நூல்களை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குபவர்கள் பாதி வழியில் நின்றுபோவது இதனால்தான்.

படி 1: கல்லூரியிடம் கேளுங்கள்

பணம் கட்டும் முன் கல்லூரியின் ரெஜிஸ்ட்ரார் (பதிவாளர்) அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்தத் தேர்வை ஏற்கிறீர்களா, எந்த மதிப்பெண் வேண்டும், எத்தனை கிரெடிட் தருவீர்கள், அது கட்டாயப் பொதுப்பாடத்தில் சேருமா அல்லது வெறும் எலெக்டிவ் (விருப்பப்பாடம்) கணக்கில் போகுமா என்று நான்கையும் கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். எலெக்டிவ் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் தேர்ச்சி பெற்றும் பயனில்லை. பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: முழுநேர மாணவராக இருக்க ஒரு செமஸ்டருக்கு எடுக்க வேண்டிய 12 கிரெடிட்டில் தேர்வு வழியாக வரும் கிரெடிட் சேராது. இதை நம்பி ஒரு வகுப்பைக் கைவிட்டால் விசாவுக்கே சிக்கல்.

மதிப்பெண் 20 முதல் 80 வரையிலான அளவில் வரும். பெரும்பாலான கல்லூரிகள் 50 கேட்கின்றன. இது 50 சதவீதம் அல்ல, 140-இல் 70 சரியாக இருந்தால் போதும் என்ற கணக்கும் அல்ல.

படி 2: சதவீதத்தைக் கேள்விகளாக மாற்றுங்கள்

பாதி இலக்கியம், பாதி கலைகள். கேள்விக் கணக்கில் சொன்னால் புனைகதை 21 முதல் 28, கவிதை 14 முதல் 21, நாடகம் 14, அபுனைவும் தத்துவமும் 14. கலைப் பகுதியில் ஓவியம், சிற்பம் முதலியவை 28, இசை 21, சினிமா, நடனம் போன்றவை 14, கட்டடக்கலை 7.

நம் ஊர்ப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு ஆங்கில இலக்கியத்தில் கொஞ்சமாவது பிடிமானம் இருக்கும். மேற்கத்திய ஓவியமும் இசையும் அநேகமாகப் பூஜ்யம். அந்த இரண்டிலும் சேர்த்து 49 கேள்விகள் இருக்கின்றன. ஆகவே தயாரிப்பை அங்கிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம், தெரிந்த பகுதியிலிருந்து அல்ல. ஆசிய, ஆப்பிரிக்கப் பண்பாடுகளிலிருந்தும் சில கேள்விகள் வரும். அவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

படி 3: படிக்கும் முன் ஒரு மாதிரித் தேர்வு

காலேஜ் போர்டின் அதிகாரபூர்வ வழிகாட்டியில் மாதிரிக் கேள்விகள் உண்டு. அவற்றில் ஒரு பாதியை இப்போதே எழுதுங்கள், மறு பாதியைத் தொடாமல் வையுங்கள். ஒவ்வொரு விடைக்கும் எதிரே ‘தெரியும்’, ‘ஊகம்’, ‘தெரியாது’ என்று குறியுங்கள். ஊகத்தில் சரியானதைத் தெரிந்தது என்று எண்ணிக்கொள்வதுதான் பலரும் கடைசி வாரத்தில் மாட்டிக்கொள்ளும் இடம்.

மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பு இதற்கு இலவச ஆன்லைன் பாடம் நடத்துகிறது. பாடத்தை முடிப்பவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரும் தருகிறது. பதிவு செய்யும் முன் இதைப் பாருங்கள்.

படி 4: காலக்கோடும் அட்டைகளும் (முதல் மூன்று வாரம்)

ஒரு நீளமான தாளில் கிரேக்க-ரோமானிய, இடைக்காலம், மறுமலர்ச்சி, 17-18ஆம் நூற்றாண்டு, 19ஆம் நூற்றாண்டு, 20ஆம் நூற்றாண்டு முதல் இன்றுவரை என்று ஆறு கட்டம் போடுங்கள். குறுக்கே இலக்கியம், ஓவியம், கட்டடம், இசை என நான்கு வரிசை. படிக்கும் ஒவ்வொரு பெயரும் இந்த 24 கட்டங்களில் ஒன்றில் விழ வேண்டும். காலம் தெரிந்தால் பல கேள்விகளில் இரண்டு விடைகள் தாமாகவே கழிந்துவிடும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. ‘கிளாசிக்கல்’ என்றால் கட்டடக்கலையில் கிரேக்க-ரோமானியம். இசையில் அது ஹைடனும் மொஸார்ட்டும் வாழ்ந்த காலம், அதாவது சுமார் 1750 முதல் 1820 வரை.

அட்டையின் ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் முக்கியப் படைப்பு ஒன்றிரண்டு, காலம், பாணியை அடையாளம் காட்டும் ஒரே ஒரு குறிப்பு. 250 அட்டைகள் போதும், நாளுக்குப் பன்னிரண்டு எழுதினால் மூன்று வாரத்தில் முடியும். பெயர்களை ஆங்கில எழுத்துக்கூட்டலோடு எழுதுங்கள். காணொளியில் காதால் கேட்டு மட்டும் கற்றவர்கள் திரையில் கேத்தேயையும் (Goethe) ப்ரூஸ்டையும் (Proust) பார்த்து யார் இவர் என்று விழிக்கிறார்கள். ஓவியர்கள் மனே (Manet), மொனே (Monet) இருவரையும் ஒரே அட்டையில் வையுங்கள், எழுத்தில் ஒன்றே வேறுபாடு. மனே தட்டையான வண்ணங்களில் பாரிஸ் நகர மனிதர்களை வரைந்தவர். மொனே நீரல்லிகளும் வைக்கோற்போரும் வரைந்தவர். இசையமைப்பாளர்கள் ஹைடன், ஹேண்டல் இருவருக்கும் இதே கவனம் வேண்டும்.

படி 5: படத்தைப் பார்த்துச் சொல்லப் பழகுங்கள்

அறியாத ஓவியத்தைக் காட்டி எந்தப் பாணி என்று கேட்பார்கள். மனப்பாடம் இங்கே உதவாது, அறிகுறிகள் உதவும். தங்கப் பின்புலமும் தட்டையான உருவங்களும் இருந்தால் பைசாந்தியம் அல்லது இடைக்காலம். கோடுகள் எல்லாம் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்ந்து, உருவங்கள் சமநிலையோடு நின்றால் மறுமலர்ச்சி. இருட்டுப் பின்புலத்தில் பக்கத்திலிருந்து பாயும் ஒளி பரோக். கரவாஜியோ, ரெம்ப்ராண்ட் நினைவுக்கு வரவேண்டும். வெளிர் நிறங்களில், பிரபுக்கள் தோட்டத்தில் பொழுதுபோக்கினால் ரொக்கோக்கோ. ரோமானியக் கதையைக் கூர்மையான கோடுகளில் சொன்னால் ஓவியர் டேவிட் போன்றவர்களின் நியோகிளாசிக்கல். தனித்தனியாகத் தெரியும் தூரிகைத் தடங்களும் மாறும் வெயிலும் இம்ப்ரெஷனிசம், சிறு புள்ளிகளாகவே இருந்தால் ஓவியர் சூரா. ஒரே பொருளைப் பல கோணங்களில் உடைத்துக் காட்டினால் கியூபிசம்: பிக்காசோ, ப்ராக்.

பயிற்சிக்குப் பெரிய அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் விளக்கக் குறிப்பை மறைத்துக்கொண்டு தினமும் பத்துப் படங்கள் பாருங்கள். காரணத்தை வாய்விட்டுச் சொன்ன பிறகே குறிப்பைத் திறக்க வேண்டும்.

கட்டடக்கலைக்கு ஒரு மாலை போதும். தூணின் மேல்தலை எளிமையாக இருந்தால் டோரிக், சுருள் இருந்தால் அயோனிக், இலைக்கொத்து இருந்தால் கொரிந்தியன். வட்ட வளைவும் பருத்த சுவரும் ரோமனெஸ்க், கூர்வளைவும் வெளியே தாங்கும் பறக்கும் முட்டுகளும் கோதிக். நவீனக் கட்டடக்கலைஞர்கள் ரைட், க்ரோப்பியஸ், லெ கொர்பூசியே மூவரின் படைப்புகளையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

படி 6: இசை

தேர்வில் ஒலி எதுவும் போடமாட்டார்கள், எல்லாம் எழுத்தில்தான். கர்நாடக இசை ஞானம் இங்கே அதிகம் கைகொடுக்காது. ஃப்யூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் அடுத்தடுத்து எடுத்துப் பின்னுவது) என்றால் பாக், நாக்டர்ன் (இரவின் மனநிலையில் அமைந்த பியானோ இசை) என்றால் ஷோபான், ஜெர்மன் லீட் (கவிதைக்கு இசையமைத்த தனிப்பாட்டு) என்றால் ஷூபர்ட் என்று வடிவத்தையும் ஆளையும் இணைத்துப் படியுங்கள். ஆபரா மேடையில் நடித்துப் பாடுவது, ஆரட்டோரியோ நடிப்பின்றிப் பாடுவது. வாத்தியக் குடும்பங்களில் பொருளை வைத்து ஏமாறாதீர்கள்: சாக்ஸஃபோன் பித்தளையில் செய்தாலும் நாணல் வைத்து ஊதுவதால் உட்விண்ட் குடும்பம். இசையமைப்பாளர்கள் ஸ்ட்ராவின்ஸ்கி (1913-இல் பாரிஸ் பாலே அரங்கேற்றத்தில் எழுந்த கூச்சல் பிரசித்தம்), ஷோன்பெர்க், எலிங்டன் ஆகியோரோடு நடனத்தில் மார்த்தா கிரஹாம், பாலன்ஷின் ஆகியோரையும் சேர்த்துவிடுங்கள்.

படி 7: கவிதை உத்திகள்

ரைம் என்றதும் நமக்கு எதுகை நினைவுக்கு வரும். பார்க்க வேண்டியது அடியின் கடைசியை. நம் யாப்பின் இயைபு இதற்கு நெருக்கம். ஆங்கில அசையழுத்தம் காதில் விழவில்லை என்றால் கவலை வேண்டாம், விரலால் அசைகளை எண்ணுங்கள். அடிக்குப் பத்து அசை வந்து இரண்டிரண்டு அடியாக இயைந்தால் ஹீரோயிக் கப்லெட், ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் கவிதைகள் அப்படி. பத்து அசை, இயைபு இல்லை என்றால் பிளாங்க் வெர்ஸ்: மில்டன். அசைக்கணக்கும் இல்லை, இயைபும் இல்லை என்றால் ஃப்ரீ வெர்ஸ்: விட்மன். 14 அடி வந்தால் சானட். ஒன்றோடொன்று இயையும் அடிகளுக்கு ஒரே எழுத்தைக் கொடுத்துப் பாருங்கள். அது ஏபிபிஏ ஏபிபிஏ என்று தொடங்கினால் பெட்ரார்க் வகை, ஏபிஏபி என்று தொடங்கி ஜிஜி என்று முடிந்தால் ஷேக்ஸ்பியர் வகை. 19 அடியில் இரண்டு அடிகள் திரும்பத் திரும்ப வந்தால் வில்லனெல்.

படி 8: கடைசி இரண்டு வாரம், நேரம் வைத்து

ஒரு கேள்விக்கு 38 வினாடிதான் கிடைக்கிறது. 40 கேள்விகளை 25 நிமிடத்தில் முடிக்கும் பயிற்சியை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். நேரடிப் பெயர்க் கேள்விகளுக்குப் பதினைந்து வினாடி போதும், மிச்சமாகும் நேரம் பத்தி வாசித்துப் பதில் சொல்லும் கேள்விகளுக்குத் தேவைப்படும். பத்திக் கேள்விகளில் கேள்வியை முதலில் படியுங்கள், கவிதையை அப்புறம். ஒதுக்கி வைத்த மாதிரிக் கேள்விகளை இப்போது எடுக்கலாம்.

தேர்வு நாள்

புகைப்பட அடையாள அட்டையும் பதிவுச் சீட்டும் எடுத்துச் செல்லுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எனவே ஒரு கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள். சந்தேகம் இருந்தால் ஒரு விடையைக் குறித்துவிட்டு, மறுபார்வைக்கு அடையாளமிட்டு நகருங்கள். மதிப்பெண் முடிந்தவுடன் திரையில் வரும். அது தெரியும் முன்பே கல்லூரியைக் குறித்தால் அனுப்புவது இலவசம், பிறகு கேட்டால் கட்டணம் உண்டு. 50 வருமா என்று சந்தேகம் உள்ளவர்கள் கட்டணம் போனாலும் பரவாயில்லை என்று பிறகு அனுப்புவதே மேல். வராவிட்டால் இதே தேர்வை மீண்டும் எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்பதால், செமஸ்டர் பதிவுக்கான கடைசி நாளைப் பார்த்துத் தேதி குறியுங்கள்.