ஓய்வுக்குப் பிறகு நாடகம் எழுதுகிறீர்களா? பழைய கலை காலை வாரும் இடங்கள்

திருகோணமலையில் அறுபதைத் தாண்டி நாடகம் எழுத உட்காருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஒருவர் கவிஞர், ஒருவர் ஓவியர், ஒருவர் பத்திரிகையில் இருந்தவர். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. எழுதத் தெரியாமல் வரும் தவறுகளை விட, தங்கள் பழைய கலை நன்றாகத் தெரிந்ததால் வரும் தவறுகளே இவர்களின் பிரதிகளில் அதிகம் என்பது என் எண்ணம்.

வானொலியில் பழகியவர் எல்லாவற்றையும் வாயால் சொல்ல வைப்பார். "ஏனம்மா அழுறீங்க? கையில என்ன கடிதம்?" பார்க்க வழியில்லாத இடத்தில் அது தேவைதான். மேடையிலோ அந்த அம்மா கடிதத்தை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்தாலே போதும், சபைக்கு எல்லாம் விளங்கிவிடும். சிறுகதைக்காரர் அடைப்புக்குறிக்குள் "அவள் மனதில் பழைய நினைவுகள் அலைமோதுகின்றன" என்று எழுதுவார். பாவம், நடிகை அதை எப்படிச் செய்து காட்டுவாள்? ஓவியர் காட்சி அமைப்புக்கே அரைப் பக்கம் எடுப்பார். கடைசியில் கிடைப்பது ஒரு பாடசாலை மண்டபமும் இரண்டு வாங்குகளும்.

கவிஞர்களின் தவறுதான் கண்டுபிடிக்கக் கஷ்டமானது, ஏனென்றால் கேட்க இனிமையாக இருக்கும். மூதூர் வியாபாரி, தம்பலகாமத்து வயற்காரர், நகரத்து ஆசிரியை எல்லோரும் ஒரே ஆளின் குரலில் பேசுவார்கள். கிண்ணியாப் பிள்ளையை "வாப்பா", "ராத்தா" என்று கூப்பிட வைத்துவிட்டால் கிண்ணியாப் பேச்சு வந்துவிடாது. யார் கேள்விக்குக் கேள்வியாலேயே பதில் சொல்கிறார்கள், யார் சுற்றி வளைக்கிறார்கள், கோபம் வந்தால் யார் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள் என்று சந்தையில் சும்மா நின்று கேளுங்கள். பிறகு பிரதியில் பெயர்களை மறைத்துவிட்டு வாசியுங்கள். பேசுவது யார் என்று தெரியவில்லையா? அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுத வேண்டியதுதான்.

அடுத்தது முதல் நாடகத்துக்கே பழங்கதை அரசன் குளக்கோட்டனைப் பிடிப்பது. கோணேசர் கோயில், கந்தளாய்க் குளம், மந்திரிகள், படை, இருபத்தைந்து பாத்திரங்கள். நடிக்க ஆள் எங்கே? இரவில் கடலுக்குப் போகிறவர் மாலை ஒத்திகைக்கு வர மாட்டார், உயர்தர மாணவிக்கு டியூஷன். இரண்டு மூன்று பேர், ஒரே இடம், அரை மணி நேரம் என்று தொடங்குங்கள். அரசரை அப்புறம் பார்க்கலாம்.

கூத்தையும் இப்படித்தான் அவசரமாக இழுத்து வருகிறார்கள். "இங்கே வடமோடிப் பாட்டு" என்று ஒரு கூத்து வகையின் பெயரை மட்டும் ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுவார்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கிப் பேராதனை மேடைக்குக் கொண்டுவந்தபோது, கூத்துப் பழக்கும் மட்டக்களப்பு அண்ணாவியாரைக் கூடவே வைத்திருந்தார். உங்களுக்கும் ஓர் அண்ணாவியார் வேண்டும். இல்லையென்றால் அந்த வரியை வெட்டிவிடுங்கள்.

எழுதியதை மனைவிக்கோ பேரனுக்கோ வாசித்துக் காட்டிப் பாராட்டு வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நான்கு பேரை உட்கார்த்தி உரத்து வாசிக்க விடுங்கள். நீங்கள் எந்தப் பாத்திரமும் எடுக்காதீர்கள், நடுவில் விளக்கமும் சொல்லாதீர்கள். வாசிப்பவர் தடுமாறும் இடத்தையும், கேட்பவர் தொலைபேசியை எடுக்கும் இடத்தையும் பென்சிலால் குறியுங்கள். பெயர் பெற்ற கலைஞருக்கு இது கொஞ்சம் சுடும். நெறியாளர் பிறகு ஒரு காட்சியையே தூக்கும்போது இன்னும் சுடும். ஏன் தூக்குகிறார் என்று கேளுங்கள், ஒத்திகையைப் பார்த்தபின் சண்டையை வைத்துக்கொள்ளலாம்.

கடற்கரைத் திறந்த மேடை என்றால் காதோடு காதாகப் பேசும் காட்சியை நம்பாதீர்கள். காற்றும் ஜெனரேட்டரும் அதை விழுங்கிவிடும். பிரதியைக் கொடுக்கும்போது பக்க எண் போட்டு, எழுத்தைப் பெரிதாக அச்சடியுங்கள். உங்கள் வயது நடிகர்கள் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுத்தான் வருவார்கள்.