மாநில அரசில் பணியாளர் துறையை அமைப்பதும் நடத்துவதும்

மாநிலத்தில் புதுத் துறை தொடங்கத் தனிச் சட்டம் தேவையில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 166(3)ஆம் பிரிவின்படி ஆளுநர் வகுக்கும் அலுவல் விதிகளில் துறைகளின் பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் உரிய பொருள்களும் இருக்கும். அமைச்சரவை முடிவெடுத்ததும் அந்தப் பட்டியலைத் திருத்தி அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டால் போதும்.

பட்டியலை எழுதும்போதுதான் முழுக் கவனம் வேண்டும். "பணியாளர் தொடர்பான அனைத்தும்" என்று ஒரே வரியில் முடித்தால், இளநிலை உதவியாளர் மாறுதல் வரை எல்லாக் கோப்பும் பணியாளர் துறையில் குவிந்து, விதிகளைப் பார்க்க ஆளிருக்காது. பணி விதிகள், முதுநிலை (பணி மூப்பு), இனச்சுழற்சி (இட ஒதுக்கீட்டின்படியான நியமன வரிசை), நடத்தை விதிகள், ஒழுங்கு நடவடிக்கை விதிகள், அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆகியவை இத்துறைக்கு. தனிநபர் நியமனமும் மாறுதலும் அந்தந்த நிர்வாகத் துறைக்கு. ஊதிய விகிதம் நிதித் துறைக்கு. தமிழ்நாட்டில் மனிதவள மேலாண்மைத் துறை (முன்பு பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை) இருந்தும், அரசு மருத்துவர்களின் மாறுதலை மக்கள் நல்வாழ்வுத் துறைதான் பார்க்கிறது.

அடுத்து, நிதித் துறையின் இசைவோடு பணியிடங்களை ஒப்பளித்து அரசாணை வெளியிட வேண்டும். நிதியாண்டின் நடுவில் தொடங்கினால் 205ஆம் பிரிவின்படி துணை மதிப்பீட்டில் (ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்குப் பின் கேட்கும் கூடுதல் நிதியில்) பணம் கேட்க வேண்டியிருக்கும்.

பல மாநிலங்களில் இந்த இலாகாவை முதலமைச்சரே வைத்துக்கொள்கிறார். செயலாளர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அந்தப் பணியிடம் கேடர் பட்டியலில் (ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கென ஒதுக்கிய பதவிகளின் பட்டியலில்) இல்லையென்றால், பட்டியலில் உள்ள எந்தப் பதவிக்கு அது தகுதியிலும் பொறுப்பிலும் இணையானது என்று அரசு முதலில் அறிவிக்க வேண்டும்.

செயலாளரின் தலையாய வேலை விதிகளைக் காப்பது. 309ஆம் பிரிவின் கீழ் பணி விதி திருத்த வேண்டுமானால் வரைவு, சட்டத் துறையின் ஆய்வு, 320(3)இன்படி தேர்வாணையத்தின் கருத்து, அரசிதழ் அறிவிக்கை என்ற வரிசையில் போக வேண்டும். அவசரத்துக்குக் கல்வித் தகுதியைச் சுற்றறிக்கையால் மாற்றுகிறார்கள். அது நீதிமன்றத்தில் நிற்காது. விதி மௌனமாக இருக்கும் இடத்தை நிர்வாக ஆணையால் நிரப்பலாம், விதியை மீற முடியாது.

ஆண்டுதோறும் காலிப்பணியிட மதிப்பீட்டைத் துறைகளிடமிருந்து கேட்டு வாங்குங்கள். ஓய்வு பெறுவோரை மட்டும் எண்ணினால் கணக்கு குறையும். கண்காணிப்பாளர் ஒருவர் ஓய்வு பெற்றால் உதவியாளர் மேலே போவார், அவர் இடத்துக்கு இளநிலை உதவியாளர் போவார். நேரடி நியமனத்துக்கு உரிய காலியிடம் கடைசிப் படியில்தான் விழும். மதிப்பீடு தாமதமானால் தற்காலிக நியமனம் பெருகும். அப்படி நியமிக்கப்பட்டவர்களை வரன்முறைப்படுத்துவதற்கு (நிரந்தரமாக்குவதற்கு) 2006ஆம் ஆண்டு உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையான வரம்பு விதித்துவிட்டது. பல ஆண்டு உழைத்தவர் நிரந்தரம் ஆகாமல் நிற்பதற்கு மூலகாரணம் பெரும்பாலும் உரிய காலத்தில் அனுப்பாத அந்த மதிப்பீடுதான்.

பதவி உயர்வுப் பட்டியலில் இன்னொரு இடறல் உண்டு. புகார் வந்திருக்கிறது, விசாரணை தொடங்கப்போகிறது என்பதற்காக ஒருவர் பெயரை ஒதுக்கிவைப்பார்கள். துறை விசாரணையில் குற்றச்சாட்டுக் குறிப்பாணையோ குற்ற வழக்கில் குற்றப்பத்திரிகையோ வழங்கிய பிறகே பதவி உயர்வு முடிவை வெளியிடாமல் மூடிய உறையில் வைக்கலாம் என்று 1991இல் ஜானகிராமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே பட்டியல் ஒப்புதலுக்குப் போகும் முன், ஒதுக்கிய ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறிப்பாணையின் எண்ணும் நாளும் இருக்கிறதா என்று பிரிவு அலுவலர் சரிபார்க்க வேண்டும்.