ஒரே ஷாட் படம் சப்பென்று போனால்

எங்கும் வெட்டாமல் ஒரே ஓட்டமாக ஓடும் படம்தான் ஒரே ஷாட் படம். ஊரே கொண்டாடிய அப்படி ஒரு படம் உங்களுக்குச் சப்பென்று இருந்ததா? படம் சொதப்பியிருக்கலாம், பார்த்த விதமும் சொதப்பியிருக்கலாம். எது என்று பிரித்துப் பார்க்க ஒரு நோட்டு, ஸ்டாப்வாட்ச், போன் போதும்.

முதலில் சப்டைட்டில். வேற்று மொழிப் படத்தில் கண் பாதி நேரம் திரையின் அடியிலேயே கிடக்கும். மற்ற படங்களில் அதனால் பெரிய நஷ்டமில்லை, முக்கியமானதை எடிட்டர் குளோசப்பில் எடுத்து நீட்டிவிடுவார். ஒரே ஷாட்டில் அந்தச் சலுகை கிடையாது. பின்னால் ஒருவர் கதவைத் திறப்பதும் ஓரத்தில் ஒரு கை நடுங்குவதும் அதது பாட்டுக்கு நடந்து முடிந்துவிடும். இரண்டு நாள் விட்டு, முதல் 30 நிமிடத்தைச் சப்டைட்டில் இல்லாமல் பாருங்கள். கதைதான் தெரியுமே. முன்பு போனில் பார்த்திருந்தால் இந்த முறை டிவியில் போடுங்கள்.

பிறகு முழுப் படத்துக்கும் நோட்டு. மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள்: நேரம், நடப்பது, புதிதாகத் தெரிந்தது. இந்த வகைப் படங்கள் பெரும்பாலும் கவிழ்வது நடையில்தான். ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்கு ஆள் போக 50 விநாடி ஆனால், கேமராவும் 50 விநாடி அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். மூன்றாவது பத்தி 40 விநாடிக்கு மேல் காலியாகக் கிடந்தால் அந்த இடத்தைச் சிவப்பில் சுழியுங்கள். (40 எங்கள் கைக்கணக்கு.)

உண்மையிலேயே ஒரே ஷாட்டா என்று தேடி மண்டையை உடைக்க வேண்டாம். 1948-இல் ஹிட்ச்காக் 'ரோப்' எடுத்தபோது ஒரு ரீல் பத்து நிமிடம்தான் ஓடும். ஆள் முதுகில் திரையை இருட்டாக்கி ஒட்டினார். '1917' என்ற போர்ப் படமும் ஒட்டியதுதான். 'ரஷ்யன் ஆர்க்' நிஜமாகவே ஒரே ஷாட். 2001 டிசம்பர் 23 அன்று ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் நான்காவது முயற்சியில் கைகூடியது. விமர்சனங்களில் பாதி அந்த உழைப்புக்கான கைதட்டல். அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

இன்னும் சந்தேகமா? நீங்களே எடுத்துப் பாருங்கள். திருநெல்வேலியில் 1843-இல் கட்டிய சுலோசன முதலியார் பாலம் இதற்குத் தோதான இடம். தாமிரபரணியைக் கடக்க மூன்று நிமிடம் சொச்சம். காலை ஆறரைக்குள் போய்விடுங்கள், பிறகு ஹாரன் சத்தம்தான். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகலாம். திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள். இல்லையென்றால் ரோட்டிலிருந்து ஆற்றுப் பக்கம் திரும்பும்போது படம் வெளுத்துக் கறுக்கும். ஆற்றுக்காற்று மைக்கில் புஸ்ஸென்று இரையும், மெல்லிய ஸ்பாஞ்சுத் துண்டை ஒட்டுங்கள். முழங்கையை விலாவோடு சேர்த்து, முட்டியைக் கொஞ்சம் மடக்கி நடங்கள். வண்ணாரப்பேட்டை முனையில் கிளம்பினால் இளவெயில் முதுகில் விழும். உங்கள் நிழல் நடிகர் மேல் விழாதபடி ஓரமாக ஒதுங்குங்கள்.

முதல் முறை, அல்வாப் பொட்டலத்தோடு ஒருவன் பாலத்தைக் கடக்கட்டும், அவ்வளவுதான். இரண்டாம் முறை, கிளம்பும்போதே அவனுக்கு ஒரு போன்: "ஏல, மதினி பஸ்ல ஏறிட்டா, எடுக்கப் போறான், வெரசா வா!" நடுப்பாலத்தில் தெரிந்தவர் ஒருவர் மறித்து, "எங்கல இவ்ளோ காலைல? அப்பா சௌக்கியமா?" என்று நிதானமாக விசாரிக்கட்டும். அதே பாலம், அதே மூன்று நிமிடம். இப்போது பார்ப்பவருக்கு அந்தப் பெரியவரைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போல இருக்கும். இங்கே வெட்டினால் பதற்றம் போய்விடும். முதல் வீடியோவில் எங்கே வெட்டினாலும் ஒன்றும் குறையாது.

இனி நோட்டுக்குத் திரும்புங்கள். சிவப்புச் சுழி விழுந்த ஒவ்வொரு இடத்திலும், பஸ் கிளம்பப் போகிற மாதிரி ஒரு பதற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். அவசரப்பட்டு மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதீர்கள். ஒரே ஷாட்டில் எடுத்த 138 நிமிட 'விக்டோரியா' படத்தில் முதல் பாதி நெடுக வெறும் அரட்டை. அந்த அரட்டையில் பழகிய முகங்கள் என்பதால்தான் பின்னால் வங்கிக் கொள்ளையில் நமக்குப் பதறுகிறது. அப்படிப் பின்னால் கடன் தீர்த்த சுழிகளை அழித்துவிடுங்கள். மிச்சம் நிற்பவைதான் படத்தின் குறை.