கர்ப்பகால இரத்த அழுத்தத்தை வீட்டிலிருந்து கண்காணிக்கும் முறை

கர்ப்பகால இரத்த அழுத்தம் இருபதாம் வாரத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் உயரலாம் என்றாலும், கடைசி மூன்று மாதங்களில்தான் பெரும்பாலும் தெரியவருகிறது. நம் ஊரில் வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குச் செல்வதும், அதுவரை பார்த்துவந்த மருத்துவர் மாறுவதும் அதே காலத்தில்தான். ஆகவே பரிசோதனை அட்டையையும் ஸ்கேன் அறிக்கைகளையும் கையோடு எடுத்துச்சென்று, தாய்வீட்டுக்குப் போன முதல் வாரத்திலேயே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிட வேண்டும்.

வீட்டில் அளப்பதற்கு மணிக்கட்டுக் கருவியைவிட மேற்கையில் கட்டும் கருவியே நம்பகமானது. காபி, தேநீர் குடித்து அரை மணி நேரமாவது கழிந்தபின், முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருந்து, கையை நெஞ்சின் உயரத்தில் வைத்து இருமுறை அளந்து, தேதியோடு எழுதிவைக்க வேண்டும். மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90ஐத் தொட்டால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 160 அல்லது 110ஐத் தொட்டால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கால் வீக்கம் பல கர்ப்பிணிகளுக்கு வருவதுதான், அதற்குப் பார்லி கஞ்சி குடிப்பதில் தவறில்லை. ஆனால் முகமும் கைகளும் திடீரென வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, மூச்சுத்திணறல், குழந்தையின் அசைவு குறைவது ஆகியவற்றில் எது வந்தாலும், கருவி இயல்பான அளவையே காட்டினாலும், வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது.

இரத்த அழுத்தம் ஏறியதால் வலிப்பு வந்துவிட்டால் கையில் சாவியைத் திணிக்காமல், வாயில் எதையும் வைக்காமல், இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட் ஊசி எவ்வளவு விரைவில் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

முந்தைய பிரசவத்தில் இந்தச் சிக்கல் இருந்தவர்கள் அதை முதல் பரிசோதனையிலேயே சொல்லிவிட வேண்டும். குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையென மருத்துவர் கருதினால், பதினாறாம் வாரத்துக்குள் தொடங்குவதே அதிகப் பலன் தரும்.

பிள்ளை பிறந்ததும் ஆபத்து தீர்ந்துவிட்டதென்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் வாரத்தில் அழுத்தம் மீண்டும் ஏறக்கூடும், அப்போதும் வலிப்பு வரலாம். எனவே பத்தியச் சாப்பாட்டோடு இரத்த அழுத்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னாலும், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆறாம் வாரப் பரிசோதனைக்கும் தவறாமல் செல்லுங்கள்.